அண்ணா சாலை முழுவதும் ஒரே மரபுச் சின்னம்

சென்னை அண்ணா சாலையின் பழமையைப் பற்றி நாம் பேசத் தொடங்குவது பெரும்பாலும் அங்கே ஏதாவது ஒரு கட்டடத்தின் மீது கடப்பாரை விழும் நேரத்தில்தான். 2006-இல் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் வேலை தொடங்கியபோது பேசினோம். மெட்ரோ ரயில் பணிக்காக பி.ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை வளாகத்தின் பழைய பகுதியொன்று இடிபட்டபோது பேசினோம். சாந்தி தியேட்டர் மூடப்பட்டபோது பலரும் அதற்கு நினைவஞ்சலி எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் வழக்கு, மனு, கட்டுரை. பிறகு அடுத்த கட்டடத்துக்கு ஆபத்து வரும்வரை பேச்சில்லை. நல்லெண்ணம் கொண்டவர்களின் உழைப்பு இப்படிச் சிதறிப்போவதற்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. காப்பாற்றப்பட வேண்டியது இந்தக் கட்டடமா அந்தக் கட்டடமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கோட்டைக்குத் தெற்கே தொடங்கி கிண்டி கத்திப்பாரா வரை சுமார் 15 கிலோமீட்டர் ஓடும் அந்தச் சாலையே ஒரு மரபுச் சின்னம் என்பதை நம் சட்டமும் பார்க்கவில்லை, நகரத் திட்டமும் பார்க்கவில்லை. அண்ணா சாலையை முழுமையாக, ஒரே மரபுப் பகுதியாக அறிவித்து, அதற்கென்று தனி விதிகளை வகுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் அந்தச் சாலை எப்படி உருவானது என்பதைப் பார்க்க வேண்டும். கத்திப்பாராவை அடுத்த பரங்கிமலை உச்சியில் போர்த்துகீசியர்கள் தேவாலயம் கட்டியது 1523-இல். புனித தோமையார் உயிர்நீத்த இடம் அது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. கிழக்கிந்தியக் கம்பெனி கடற்கரை மணலில் கோட்டை கட்டத் தொடங்கியது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு, 1640-இல். ஆக இந்தச் சாலை சென்று சேரும் இடம் அது புறப்படும் இடத்தைவிட மூத்தது. நடுவில் சின்னமலையிலும் 1551-இல் ஒரு தேவாலயம் எழுந்துவிட்டது. கோட்டையில் குடியிருந்த வணிகர்களும் சிப்பாய்களும் வழிபாட்டுக்கும், காற்று வாங்கவும், பின்னாளில் மலையடிவாரத்துப் பீரங்கிப் படை முகாமுக்கும் போய்வந்த தடம் காலப்போக்கில் சாலையாகத் தேறியது. குறுக்கே இரண்டு ஆறுகள்: புறப்பட்டதும் கூவம், முடியும் தறுவாயில் அடையாறு. இரண்டாவது ஆற்றைக் கடக்க 1726-இல் பாலம் கட்டிக் கொடுத்தவர் கொஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். மர்மலாங் பாலம் என்று அதற்குப் பெயர். தன் சொந்தப் பணத்தில் கட்டியதோடு நில்லாமல், பிற்காலப் பராமரிப்புக்கென்று தனியாகவும் பணம் ஒதுக்கி வைத்தார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளை அமைத்துக் கொடுத்தவரும் அவரே. பழைய பாலம் போய், 1960-களில் அதே இடத்தில் இன்றைய மறைமலையடிகள் பாலம் வந்தது. ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் உஸ்கானின் கொடையைச் சொல்லும் கல்வெட்டு சைதாப்பேட்டையில் தப்பிப் பிழைத்திருக்கிறது. சென்னையில் எஞ்சியிருக்கும் மிக அரிய கல்வெட்டுகளில் ஒன்று அது. மெட்ரோவிலும் பேருந்திலும் அதைத் தாண்டிப் போகிற எத்தனையோ பேருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அதைப் பார்க்கும்படி நாம் எதையும் செய்யவில்லை.

வடக்கிலிருந்து வருவோம். தீவுத்திடலை ஒட்டிய முதல் அடையாளம் மன்றோ சிலை. பிரான்சிஸ் சான்ட்ரி என்ற புகழ்பெற்ற ஆங்கிலச் சிற்பி வடித்து 1839-இல் திறக்கப்பட்டது. அங்கவடி இல்லாத குதிரை மேல் அமர்ந்திருக்கும் மன்றோ, விவசாயியிடமிருந்து நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையை நிலைநிறுத்தியவர்; சென்னை மாகாண ஆளுநராக இருக்கும்போதே 1827-இல் காலராவில் இறந்தவர். கூவத்தைத் தாண்டினால் பெரியார் சிலையும் சிம்சன் நிறுவனமும். குதிரை வண்டி செய்துகொண்டிருந்த அந்த நிறுவனத்தில்தான் 1903-இல் நீராவி மோட்டார் வண்டி ஒன்று உருவானது. அதற்கடுத்து ஓமந்தூரார் அரசினர் தோட்டம். 1753-இல் ஒரு போர்த்துகீசியக் குடும்பத்திடமிருந்து கம்பெனி வாங்கிய தோட்ட வீடு, வளர்ந்து வளர்ந்து ஆளுநர் மாளிகையானது. அதன் பக்கத்தில் 1802-இல், திப்பு சுல்தானை வீழ்த்திய வெற்றியைக் கொண்டாடுவதற்காக, ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் ஆளுநராக இருந்தபோது ஒரு விருந்து மண்டபம் எழும்பியது. வடிவமைத்தவர் ஜான் கோல்டிங்காம், தொழிலால் வானியலாளர். அந்த மண்டபம்தான் இன்றைய ராஜாஜி ஹால். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்கள் மக்கள் அஞ்சலிக்காகக் கிடத்தப்பட்டது அதன் படிக்கட்டுகளில்தான். ஓர் இந்திய அரசனின் தோல்வியைக் கொண்டாடக் கட்டிய மண்டபத்துக்குத் தமிழ்நாட்டு மக்கள் தங்கள் கண்ணீரால் வேறொரு பொருளைக் கொடுத்துவிட்டார்கள். வெறும் தூண்களையும் படிகளையும் வைத்து ஒரு கட்டடத்தின் மதிப்பைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இந்தச் சாலையில் கிடையாது.

ஆனால் அதே தோட்டத்தில் ஆளுநர் மாளிகை இப்போது இல்லை. புதிய தலைமைச் செயலக வளாகத்துக்காக அது இடிக்கப்பட்டது. 2010-இல் திறக்கப்பட்ட அந்த வளாகமும் ஆட்சி மாறியபின் கைவிடப்பட்டு, 2014-இல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையானது. மருத்துவமனை ஏழை மக்களுக்குப் பயன்படுகிறது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கேள்வி வேறு. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு மாகாணத்தின் ஆட்சி மையமாக இருந்த கட்டடத்தை இடிக்க அரசு முடிவெடுத்தபோது, அந்தச் சாலையில் அதன் இடம் என்ன, அது போனால் அருகிலிருக்கும் ராஜாஜி ஹால் எதற்குப் பக்கத்தில் நிற்கும் என்று கேட்க வேண்டிய கடமை எந்தத் துறைக்கும் இருக்கவில்லை. இடித்தது பொதுப்பணித் துறையின் கட்டடம். கட்டியது பொதுப்பணித் துறையின் கட்டடம். கோப்பு அங்கேயே முடிந்துவிட்டது.

அண்ணா சிலை ரவுண்டானாவைத் தாண்டியதும் சாலையின் வளமான பகுதி தொடங்குகிறது. ஸ்பென்சர் வரைக்குமான அந்தச் சிறு தூரத்தில் தமிழ்நாட்டின் நவீன வாழ்க்கை பல அடுக்குகளாகப் படிந்திருக்கிறது. அண்ணா சாலையின் பழைய பெயரான மவுண்ட் ரோட்டை ஒட்டி ‘மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு’ என்ற பட்டப்பெயரை வாங்கிய ‘தி இந்து’ அலுவலகம் அங்கேதான். 1844-இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் 1904-இல் கட்டிய கட்டடத்தில் இன்றும் புத்தகம்தான் விற்கிறது. வேறெதற்கும் அது மாறவில்லை. ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்த பி.ஆர் அண்ட் சன்ஸ் கட்டடத்தின் கோபுரக் கடிகாரம் இப்போதும் சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. 1913-இல் எலெக்ட்ரிக் தியேட்டர் என்ற பெயரில் படம் காட்டிய சிறிய கட்டடம் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்துக்குள் தபால்தலைப் பிரிவாக உயிர் பிழைத்திருக்கிறது. சென்னையில் சினிமாவுக்கென்றே கட்டிய முதல் கட்டடங்களில் ஒன்று அது. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் அந்தச் சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் தியேட்டர்கள் நிறைத்தன. மூன்று அரங்குகள் கொண்ட சஃபையர் வளாகம் 1964-இல் வந்தது. இன்று அது இல்லை. சிவாஜி கணேசன் குடும்பத்தின் சாந்தியும் இல்லை. 1970-இல் வந்த தேவி இன்றும் நிற்கிறது. வெள்ளிக்கிழமை புதுப்படத்துக்காக மாவட்டங்களிலிருந்தெல்லாம் ரசிகர்கள் வந்திறங்கிய சாலை அது. தமிழ்ச் சினிமாவின் வரலாற்றை எழுத வருகிறவர் கோடம்பாக்கத்துக்கு எத்தனை பக்கம் ஒதுக்குவாரோ அத்தனை பக்கம் மவுண்ட் ரோட்டுக்கும் ஒதுக்கியாக வேண்டும். படம் எடுத்த இடம் அதுவென்றால், படம் பார்த்த இடம் இது.

எல்.ஐ.சி. கட்டடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக அதைத் திட்டமிட்டவர் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதும் கட்டடம் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. 177 அடி உயரத்தில் 1959-இல் திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். பட்டணம் பார்க்க வந்தவர்கள் முதலில் அண்ணாந்து பார்த்தது அதைத்தான். ஊருக்குத் திரும்பிப்போய் முதலில் சொன்னதும் அதைப் பற்றித்தான். நாட்டுக்கோட்டை நகரத்தார் ஒருவரின் தொழில் துணிவு, விடுதலை பெற்ற நாட்டின் பொருளாதாரக் கொள்கை, சென்னை நகரத்தின் புதுத் தன்னம்பிக்கை எல்லாம் அந்த ஒரே கட்டடத்தில் தெரிகின்றன. ஆனால் இத்தனை பெருமை இருந்தும், வயதையும் வளைவுகளையும் மட்டும் பார்த்து மரபுக் கட்டடம் எது என்று முடிவு செய்கிறவர்களின் கண்ணில் இது எளிதாகப் படுவதில்லை. பழைய ஸ்பென்சர் கட்டடம் 1980-களின் தொடக்கத்தில் தீக்கிரையாகி, அந்த இடத்தில் ஸ்பென்சர் பிளாசா வந்ததும் இதே கதையின் அடுத்த பக்கம். கம்பெனிக்காரர்களின் தோட்ட வீட்டு மனைகள், வெள்ளைக்காரர்களின் பல்பொருள் கடை, பிறகு நடுத்தர வர்க்கத்தின் முதல் ஷாப்பிங் மால் என்று ஒரே இடம் முகம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இதற்குத் தெற்கே ஷியா முஸ்லிம்கள் மொஹரம் காலத்தில் கூடும் ஆயிரம் விளக்கு மசூதி, ஆற்காட்டு நவாப் குடும்பத்தின் ஆதரவில் எழுந்தது. பிறகு எஸ்.எஸ். வாசனின் ஸ்டூடியோ போயும் பெயர் போகாத ஜெமினி, 1973-இல் சென்னை கண்ட முதல் மேம்பாலம், அதனருகே குதிரைப் பந்தய ஒழிப்பை நினைவூட்டும் குதிரைச் சிலை, அண்ணா அறிவாலயம், ஹாரி பக் 1920-இல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி, கிண்டித் தொழிற்பேட்டை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை எழுதலாம். இங்கே வேண்டியது வேறு: இவற்றில் எந்த ஒன்றையும் உலகின் தலைசிறந்த கட்டடக்கலைப் படைப்பு என்று வாதிட்டு வெல்ல முடியாது. தனியாக எடுத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் ‘பரவாயில்லை, ஆனால் இடித்தாலும் பெரிய நட்டமில்லை’ என்று ஓர் அதிகாரி எழுதிவிடக்கூடிய கட்டடம்தான். அவற்றின் பெருமை அவை அடுத்தடுத்து நிற்பதில் இருக்கிறது. ஆளுநரும் பெரியாரும் அண்ணாவும், ஆர்மீனியரும் நகரத்தாரும் நவாபும், புத்தகக் கடையும் தியேட்டரும் ஒரே சாலையின் இரு பக்கமும் நிற்பது தென்னிந்தியாவில் வேறெங்கே இருக்கிறது? வரிசை உடைந்தால் மீதி நிற்பவையும் அனாதைகளாகிவிடும்.

இந்த எண்ணம் புதிதல்ல என்பதற்கு மும்பை சான்று. 1995-லேயே மரபுப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்த நகரம் அது. தனிக் கட்டடங்களோடு நிற்காமல், ஒரு பகுதி முழுவதையும் மரபுப் பகுதியாகக் கருதும் முறை அந்த விதிகளில் இருந்தது. அந்த அடித்தளம் இருந்ததால்தான், ஓவல் மைதானத்தின் இரு பக்கமும் எதிரெதிரே நிற்கும் விக்டோரிய, ஆர்ட் டெகோ கட்டடங்கள் 94-ஐயும் ஒரே தொகுப்பாக யுனெஸ்கோ 2018-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அந்த 94-இல் மிகப் பல, குடும்பங்கள் வாழும் அடுக்ககங்கள். அவற்றில் ஒன்றைத் தனியாக எடுத்துப்போய்க் காட்டியிருந்தால் யுனெஸ்கோ ஏறெடுத்தும் பார்த்திருக்காது. சென்னையில் நடந்தது என்ன? பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்துக்காக மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2010-இல் அளித்த தீர்ப்பு ஒரு மைல்கல். இடிப்பு நின்றது. நீதிபதி பத்மநாபன் குழு முன்பு தொகுத்திருந்த நானூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களின் பட்டியலுக்கு மதிப்பு கிடைத்தது, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் கீழ் மரபுப் பாதுகாப்புக் குழு செயல்பட வழி பிறந்தது. 2012-இல் சட்டமன்றம் மரபு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் பல ஆண்டுகள் அது நடைமுறைக்கு வராமலே கிடந்தது. இத்தனையிலும் அலகு கட்டடம்தான். பட்டியலில் பெயர் உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. பட்டியலில் உள்ள கட்டடத்துக்குப் பக்கத்து மனையில் என்ன எழலாம், எதிர்ப்பக்கத்தில் என்ன எழலாம் என்பதைப் பற்றி அண்ணா சாலைக்கென்று பேச யாரும் இல்லை.

இதற்கு எதிராக எழக்கூடிய முதல் வாதம், இது வெள்ளைக்காரனின் சாலை, அவன் நினைவுகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது. இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கு இந்தச் சாலையே ஒரு பதிலை வைத்திருக்கிறது. 1857 எழுச்சியின்போது வட இந்தியாவில் கொடூரமான பழிவாங்கலில் ஈடுபட்ட சென்னைப் படைப்பிரிவின் தளபதி ஜேம்ஸ் நீலின் சிலை ஸ்பென்சர் அருகே நின்றது. 1927-இல் சோமயாஜுலு உள்ளிட்ட காங்கிரஸ் தொண்டர்கள் அதை எதிர்த்து சத்தியாகிரகம் செய்து சிறை சென்றார்கள். காந்தி ஆதரித்தார். 1937-இல் ராஜாஜி தலைமையில் மாகாண அரசு அமைந்த பிறகு சிலை சாலையிலிருந்து அகற்றப்பட்டு, கடைசியில் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது. அதே சாலையில் மன்றோ நின்றுகொண்டுதான் இருக்கிறார். குடியானவர்களோடு உறவு கொண்டிருந்தவர் என்ற நினைவு அவருக்குத் துணையாக இருந்தது. யார் நிற்கலாம், யார் போக வேண்டும் என்று மக்கள் ஆராய்ந்து தீர்ப்பளித்தார்கள். அண்ணா முதலமைச்சராக இருந்தபோதே, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1968 ஜனவரியில் அவர் சிலை ரவுண்டானாவில் எழுந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தபின் சாலைக்கே அவர் பெயர் வந்தது. கருணாநிதிக்கு 1975-இல் வைக்கப்பட்ட சிலையை, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்த நாளின் கொந்தளிப்பில் உடைத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் ஓமந்தூரார் தோட்டத்தில் வேறொரு சிலை எழுந்தது. ஆக மவுண்ட் ரோடு வெள்ளையர்களின் நினைவகமாக ஒருபோதும் உறைந்து நிற்கவில்லை. தமிழர்கள் தங்கள் அரசியலை எழுதியும் அழித்தும் திருத்தியும் வந்த ஏடு அது. அந்த ஏட்டைக் கிழித்துவிட்டால் நீல் சிலைக்கு எதிராகச் சிறை சென்றவர்கள் எதை எதிர்த்தார்கள் என்பதும் மறந்துபோகும்.

இரண்டாவது வாதம், வணிகச் சாலையை அருங்காட்சியகமாக்க முடியாது என்பது. இதில் பாதி உண்மை. அண்ணா சாலை மாறிக்கொண்டே வந்த சாலை, எல்.ஐ.சி. கட்டடம் எழுந்தபோது அதற்கு முன்னிருந்த வானவரிசை மாறத்தான் செய்தது. நான் கேட்பது மாற்றத்தை நிறுத்தச் சொல்லும் விதியை அல்ல. உள்ளே என்ன தொழில் நடக்கலாம் என்பதை உரிமையாளர் தீர்மானிக்கட்டும். தியேட்டர் நடத்த முடியாதவரைத் தியேட்டரே நடத்து என்று கட்டாயப்படுத்துவது நியாயமாகாது. ஆனால் சாலையைப் பார்க்கும் முகப்பு, அதன் உயரம், பக்கத்துக் கட்டடத்தோடு அது சேரும் விதம், விளம்பரப் பலகைகளின் அளவு ஆகியவை உரிமையாளருக்கு மட்டும் உரியவை அல்ல. அவற்றில் ஊருக்கும் பங்குண்டு. இதற்காக உரிமையாளர் இழக்கும் கட்டுமானப் பரப்பை வேறிடத்தில் கட்டிக்கொள்ளவோ விற்கவோ அனுமதிக்கும் மேம்பாட்டு உரிமை மாற்ற முறை சென்னை விதிகளிலேயே உள்ளது. அதை இந்தச் சாலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சொத்து வரியிலும் சலுகை கொடுக்கலாம். தனியார் சொத்துரிமை என்ற வாதத்துக்கு முன்னால் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓமந்தூரார் தோட்டம் மாநில அரசுடையது. அஞ்சலகம் மத்திய அரசுடையது. எல்.ஐ.சி.யும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடமும் பொதுத் துறைக்குச் சொந்தம். சாலையின் மிக முக்கியமான சொத்துகளில் பெரும்பங்கு ஏற்கெனவே மக்களுடையவை. அங்கே தொடங்குவதற்கு எந்தத் தனியாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம்தான் எல்லாவற்றிலும் கனமானது: போக்குவரத்து. தென்சென்னையின் உயிர்நாடியான சாலையில் நடைபாதையை அகலப்படுத்து, முகப்பைக் காப்பாற்று என்றெல்லாம் பேசினால், நெரிசலில் நிற்பவர்களுக்கு எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டு அனுபவத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். 1973-இல் மேம்பாலம் கட்டினோம். பிறகு ஒருவழிப் பாதைகள் போட்டோம், கத்திப்பாராவில் பெரிய மேம்பாலம் எழுப்பினோம். ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் மூச்சு விடக் கொடுத்தது. பிறகு வாகனங்கள் அந்த இடத்தையும் நிரப்பின. இதற்கெல்லாம் நடுவே உண்மையான மாற்றமாக வந்தது மெட்ரோ. 2018, 2019-இல் திறக்கப்பட்ட தடத்தில் சைதாப்பேட்டை முதல் அரசினர் தோட்டம் வரை இந்தச் சாலைக்கு அடியில் ஏழு நிலையங்கள் இருக்கின்றன. சென்னையின் வேறெந்தப் பழைய சாலைக்கும் இப்படியொரு வசதி இல்லை. ஆண்டுக்கணக்கில் சாலையைத் தோண்டி, வணிகர்களும் பயணிகளும் பொறுத்துக்கொண்டு, பெரும் பொதுப்பணத்தைச் செலவிட்டுப் பெற்ற வசதி அது. அதன் பயனை மேலே நடப்பவர்களுக்குக் கொடுக்காமல், மீண்டும் வாகனங்களுக்கே கொடுத்தால் செலவுக்கு என்ன பொருள்? தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே மெட்ரோ சுரங்கத்தின் மேலேயே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயர்மட்டச் சாலைப் பணி 600 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் எடுக்கப்பட்டிருக்கிறது. சுரங்கத்துக்கு மேலே கட்டும் பொறியியல் சிரமமானதுதான், அதைச் செய்யும் பொறியாளர்களின் திறமையை மதிக்கிறேன். ஆனால் தேனாம்பேட்டையில் இறங்கும் வாகனங்கள் அங்கிருந்து வடக்கே அதே பழைய சாலையில்தான் நுழைய வேண்டும். நெரிசல் அங்கே தேங்கும்போது, பாலத்தை ஜெமினிக்கும் அதைத் தாண்டியும் நீட்டலாம் என்ற யோசனை நிச்சயம் எழும். அன்று அதைத் தடுக்க மரபு விதி ஒன்று இல்லாவிட்டால், ஆயிரம் விளக்கு மசூதிக்கும் எல்.ஐ.சி.க்கும் முன்னால் தூண்கள் எழுவதைத் தடுக்க ஒரு வழக்கறிஞரும் ஒரு ரிட் மனுவும் மட்டுமே இருக்கும். 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தியபோது கடைகள் மூடிவிடும் என்று அச்சம் தெரிவித்தார்கள். இன்று அந்தத் தெருவில் மாலை நேரத்துக் கூட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு நடந்து வரும் வாடிக்கையாளர் வணிகத்துக்கு எதிரி அல்ல என்பது விளங்கும்.

செய்ய வேண்டியது என்ன என்பதில் குழப்பம் இல்லை. சி.எம்.டி.ஏ. இப்போது மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. சாலையை மரபுப் பகுதியாக அறிவிக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 15 கிலோமீட்டரும் ஒரே கடுமையில் இருக்க வேண்டியதில்லை. மன்றோ சிலையிலிருந்து ஜெமினி வரை முகப்பு, உயரம், விளம்பரம் ஆகியவற்றுக்கு இறுக்கமான விதிகள் வேண்டும். ஜெமினிக்குத் தெற்கே கட்டுப்பாடுகள் இலகுவாக இருக்கலாம், ஆனால் உஸ்கான் கல்வெட்டு, சின்னமலை தேவாலயம், பரங்கிமலைப் படிகள் ஆகிய மூன்றையும் ஒரே தொடராகக் கருதிக் காக்க வேண்டும். இன்று சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், விளக்கும் குப்பையும் மாநகராட்சியிடம், சுரங்கம் மெட்ரோ நிறுவனத்திடம், வாகனங்கள் போக்குவரத்துக் காவல்துறையிடம், அரசுக் கட்டடங்கள் பொதுப்பணித் துறையிடம் இருக்கின்றன. எல்லாரும் தத்தம் வேலையைச் செய்கிறார்கள். சாலை முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கும் பொறுப்பு மட்டும் யாருக்கும் இல்லை. அந்தப் பொறுப்பை, மேற்சொன்ன துறைகள் அனைத்தும் கலந்துபேசியே எந்த வேலையையும் தொடங்க வேண்டும் என்ற சட்ட அதிகாரத்தோடு, ஒரு குழுவுக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அடையாளத்தின் முன்பும் அதன் கதையைத் தமிழில் சொல்லும் பலகை வேண்டும். ஏழு மெட்ரோ நிலையங்களிலும் மேலே ஏறி வருகிறவருக்குத் தான் நிற்கும் இடத்தின் பழைய படங்களையும் வரைபடத்தையும் வைக்க வேண்டும். பள்ளி மாணவர்கள் ஒரு நாளில் ராஜாஜி ஹாலிலிருந்து ஸ்பென்சர் வரை நடந்தே பார்க்கும்படி, தடையில்லாத நடைபாதை வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு ஒரு மேம்பாலத்தின் செலவில் மிகச் சிறு பங்குதான்.

விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. டபிள்யூ.இ. ஸ்மித் மருந்துக் கடைக்காக 1897-இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னும் செப்பனிடப்படாமல் சிதைந்துகொண்டே வந்திருக்கிறது. இடிக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. செப்பனிட்டுப் பயன்படுத்து என்று கட்டாயப்படுத்த எந்த விதியும் இல்லை. அதன் சிவப்பு முகப்பும் கூம்பிய கோபுரங்களும் மழையில் கரைந்து தாமாகவே விழுந்துவிட்டால் தீர்ப்பைக் காப்பாற்றி என்ன பயன்? உரிமையாளரான எல்.ஐ.சி. கடன் வாங்கத் தேவையில்லாத, நாட்டின் மிகப் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்று. அதே சாலையில் 1959-இல் நாட்டின் மிக உயர்ந்த கட்டடத்தைத் திறந்து வைத்த நிறுவனமும் அதுதான். மத்திய நிதியமைச்சகமும் மாநில அரசும் சேர்ந்து ஒரு காலக்கெடு விதித்து, அந்தக் கட்டடத்தைச் சீரமைத்து, தரைத்தளத்தைப் பொதுமக்கள் நுழைந்து பார்க்கும் இடமாக்கச் சொல்ல முடியும். அண்ணா சாலையின் வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடம் ஒன்று எங்காவது அமைய வேண்டுமென்றால் அதற்குரிய இடம் அதுவே. அதற்கான கோப்பு இந்த ஆண்டே நகர வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரையாவது மூடப்பட வேண்டும்.